நாற்பத்தொன்றாம் குழாயின் மண்

மயிலாடுதுறையை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். ஏழு மாதம் பரோட்டாக் கல் முன்னால் நின்ற சட்டையில் எண்ணெய் வாடை அப்படியே இருந்தது. ஏறிய பேருந்து நான்கு கிலோமீட்டர் தாண்டியதும் கியர் விழாமல் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி வண்டியைப் பார்த்தார். நடத்துனர் ஓட்டுநரைப் பார்த்தார். "பின்னாலயே அடுத்த வண்டி வருதுங்க" என்றதை நம்பி எல்லோரும் மர நிழலில் உட்கார்ந்தார்கள். நான் பேருந்துகளிடம் நிறைய ஏமாந்தவன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குத்தாலத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முந்தின நாள் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் நஸ்ரினிடமிருந்து போன் வந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்கிற பெண். போன வருஷம் ஐப்பசியில் ஒரு மாதம் நான் அவளுக்காக மண் எடுத்தேன். விரல் பருமனில் பிளாஸ்டிக் குழாய்கள் அறுபது. டெல்டா முழுக்க வயல்கள் அறுபது. ஒவ்வொரு வயலின் நடுவிலும் இறங்கி, வேர் மட்டத்தில் கொஞ்சம் சேறு எடுத்து, மூடி, சீட்டிலும் பதிவேட்டிலும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்குத் தகுந்த வேலைதான்.

"அண்ணே, நாப்பத்தொண்ணு செத்துப்போச்சு" என்றாள் நஸ்ரின்.

யாரோ வயதானவர் என்று நினைத்து வருத்தம் சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது நாற்பத்தொன்றாம் குழாயை.

அந்த அறுபது குழாய்ச் சேற்றிலிருந்தும் அவள் பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்திருந்தாள். அவற்றுக்குள் டி.என்.ஏ.வை வெட்டுகிற நொதி இருக்கிறதா என்று தேடுவதுதான் அவள் ஆராய்ச்சி. கண்ட இடத்தில் கடித்துக் குதறுகிற நொதி எங்கும் கிடைக்கும், அது உதவாது. குறிப்பிட்ட சில எழுத்துகள் அதே வரிசையில் வருகிற இடத்தில் மட்டும், கத்தரிக்கோல் வைத்த மாதிரி வெட்டுகிற நொதி வேண்டும். அறுபதில் அப்படி வெட்டியது நாற்பத்தொன்றில் இருந்த ஒன்றுதான்.

ஒரே ஒரு தடவை சோதித்து, மங்கலாக ஒரு போட்டோ எடுத்திருந்தாள். மறு தடவை சோதிப்பதற்குள் நாலு நாள் விடுமுறை வந்தது. யாரோ செல்போனுக்குச் சார்ஜ் போட, உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருக மறந்துபோனார்கள். மற்றவையெல்லாம் தட்டுத்தடுமாறிப் பிழைத்தன. நாற்பத்தொன்று பிழைக்கவில்லை. முதலில் எடுத்த சேறும் மிச்சமில்லை. மார்கழியோடு அவளுக்குக் கொடுத்த காலம் முடிகிறது. அதற்குள் அதே பாக்டீரியா மறுபடி கைக்கு வராவிட்டால், மூன்று வருஷ வேலை ஒரு மங்கல் போட்டோவோடு நின்றுவிடும்.

"ரெண்டு மாசமா அந்தக் குத்தாலம் வயலையே தோண்டறேன்ணே, கெடைக்கவே இல்ல. நீங்க வந்து எடத்தக் காட்டிட்டுப் போங்க."

முதலாளியிடம் கணக்கைத் தீர்க்கச் சொன்னேன். "மண்ணு பாக்கப் போறியா? மாவு பிசையறவனுக்கு மண்ணு எதுக்குய்யா?" என்றார். அந்த ஒரு மாதம், ஊர் ஊராகக் குழாய்களோடு அலைந்த அந்த ஒரு மாதம்தான், நான் பார்த்த வேலைகளிலேயே காலையில் எழுந்ததும் போகப் பிடித்த வேலை. சூரத்தில் சாயப்பட்டறை, சவுதியில் தண்ணீர் லாரி, பிறகு பரோட்டா. எதுவும் அப்படி இல்லை.

குத்தாலம் சாலையில் இரண்டு பக்கமும் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர் கமுதிப் பக்கம். அங்கே ஒரு குடம் தண்ணீர் வருகிற சத்தத்துக்கு ஒரு தெரு விழித்துக்கொள்ளும். இங்கே வாய்க்கால் முட்டி மோதிக்கொண்டு ஓடுகிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு உர மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று இடம் கொடுத்தது.

கலியபெருமாள் வயல் வரப்பில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு, காலில் இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ். ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஐஸ் பெட்டி கட்டியிருந்தது. போன வருஷத்தைவிட மெலிந்திருந்தாள்.

"வாங்கண்ணே. சாப்டீங்களா?"

"ஆச்சு, டாக்டரம்மா."

"இன்னும் ஆகலண்ணே. ஆவேனான்னு நீங்கதான் சொல்லணும். போன வருஷம் நின்ன எடத்துலயே நில்லுங்க பாப்போம். சரியா அதே எடம். நமக்கு ஒரு முழம், அதுங்களுக்கு அது வேற ஊரு."

வயலில் பாதி நட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டி, "அந்தா, அந்த நடு மத்தியில" என்றேன்.

வரிசையில் ஒரு பெண் நிமிர்ந்தாள். நடவுக் குழுவுக்குத் தலைவி, ராசாத்தி. சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போன வருசம் டப்பாவோட வந்தவருதானே நீங்க?"

"ஆமாங்க."

"அங்க எங்க எறங்குனீங்க? நாங்க நட்டுட்டுக் கரையேறி அரை மணி ஆவல, காலத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. வச்சா காலு இருக்காதுன்னேன். அப்படியே வரப்போட திரும்பிப் போனீங்களே!"

"போனாரே, வாத்து மாதிரி" என்றாள் இன்னொருத்தி. வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

அவள் சொன்னது உண்மை. நட்ட வயலில் அன்றைக்கு யாரும் கால் வைக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். வேர் பிடிக்காத நாற்று, ஒரு மிதியில் மிதந்துவிடும். மிதந்தால் நட்டவர்களுக்குத்தான் பேச்சு. வானம் பார்த்த பூமியில் விதையைத் தூவிவிட்டு மேகத்தைப் பார்க்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது தெரியாது. அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. நட்டது போக மிஞ்சிய நாற்றுக் கட்டு ஒன்று, 'முடி' என்பார்கள், வரப்பில் கிடந்தது. வேரில் கொழுக்கட்டை அளவுக்குச் சேறு ஒட்டியிருந்தது. அதைப் பிழிந்து குழாயில் போட்டேன். சீட்டில் 'கலியபெருமாள் வயல், நடு' என்று எழுதினேன். சேறு எங்கே இருந்தாலும் சேறுதானே என்று நினைத்தேன். பொய் எழுதுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை.

அதை நஸ்ரினிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசம்ணே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலியபெருமாள் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார். அவருடைய அப்பா கூலிக்கு இறங்கிய நிலத்தைத் தன் காலத்தில் விலைக்கு வாங்கியவர். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே ஞாபகத்தைத் தேடினார்.

"அந்த நாத்து எங்களுது இல்லம்மா. போன வருசம் மழையில எங்க நாத்தங்கால் அழுகிப்போச்சு. பாதி வயலுக்குத் தேறல. வெளிய வாங்கி லோடு வண்டியில கொண்டாந்தோம்."

"எங்கேர்ந்துங்க?"

"கூத்தாநல்லூரு. ஜபருல்லா பாய் வயல்லேர்ந்து."

நஸ்ரின் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு, ஆனால் சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"அது எங்க ஊருண்ணே. அறுபது ஊரு பட்டியல் போட்டேன், எங்க ஊரை மட்டும் வேணும்னே விட்டேன். போனா எங்கம்மா சாப்பாட்டுக்கு உக்கார வச்சிருவாங்க, அன்னிக்கு வேலை ஓடாதுன்னு."

மதியம் வரப்பில் எல்லோரோடும் உட்கார்ந்தோம். ராசாத்தி தன் தூக்கிலிருந்து புளிச்சோறும் ஒரு துண்டு கருவாடும் இலையில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"நடுவுன்னு எழுதுனா நடுவுல எறங்கணும், தம்பி."

"நீங்கதான் விடலியே."

"கேட்டியா நீ? கேட்டிருந்தா நானே ஒரு கை அள்ளிக் குடுத்திருப்பேன். எங்க காலு வைக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? வாயி இருக்குல்ல, தொறந்து கேக்கறதுக்கு என்ன?"

கருவாடு நன்றாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் கூத்தாநல்லூர். நஸ்ரின் முன்தினமே ஸ்கூட்டரில் போய்விட்டாள். நான் திருவாரூர் வழியாக மினி பஸ்ஸில் போனேன். முன் இருக்கையில் நடவு வேலைக்கு வந்த வடநாட்டு ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் பேசிய இந்தி எனக்குச் சூரத்து இந்தியாகவே கேட்டது. "இங்கே சோறு நல்லா போடறாங்க, ஆனா எல்லாத்திலயும் புளி" என்றான் ஒருவன். "ஊருக்குப் போனா புளி இல்லாம சாப்பாடு இறங்காது, பாரேன்" என்றான் மற்றவன். நானும் சவுதியிலிருந்து திரும்பி ஆறு மாதம் குப்பூஸ் ரொட்டிக்கு ஏங்கியவன்தான். எந்த ஊர்ச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டேனோ, அந்த ஊரை விட்டு வந்ததும் அதே சாப்பாட்டைத் தேடுவது எனக்கு வியாதி மாதிரி.

நஸ்ரின் சொன்னபடியே நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அம்மா, "மொதல்ல சாப்புடுங்க, மண்ணு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். தேங்காய்ப்பால் சோறு, ஆணம் என்கிற இறைச்சிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பச்சடி. மூன்றாவது தடவை சோறு வைத்தபோது கையால் மறைத்தேன். கைமேலேயே வைத்துவிடுவார் போலிருந்ததால் எடுத்துவிட்டேன்.

அவளுடைய அத்தா ஷாஜகான் சவுதியில் தம்மாம் நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் கடையில் நின்றவர். நான் தண்ணீர் லாரியில் கிளீனராக இருந்தேன் என்றதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"எந்தப் பக்கம்?"

"அல் ஹஸா பக்கம்ங்க. சாயங்காலம் தண்ணி எறக்கிட்டு, லாரி நிழல்ல உக்காந்து குப்பூஸும் பருப்பும்."

"பருப்புல எலுமிச்சை பிழிவானுங்களே, பாகிஸ்தானி ஓட்டல்ல..."

"ஆமா, பச்சை மிளகாயை முழுசா கடிச்சுக்கிட்டு..."

அங்கே இருந்தபோது அந்தச் சாயங்காலங்களை நான் நாட்காட்டியில் கோடு போட்டுக் கழித்தேன். இப்போது ஒரு சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அவர் முகத்திலும் அதுதான் தெரிந்தது.

"நீ என்னதாம்மா தேடறே? இவருக்கும் எனக்கும் புரியற மாதிரி ஒரு தடவ சொல்லு" என்றார் மகளிடம்.

நஸ்ரின் சொன்னாள். பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். வைரஸ் தன்னுடைய டி.என்.ஏ.வை உள்ளே செலுத்திவிடும். உள்ளே காவலுக்கு இந்த வெட்டு நொதி இருக்கும், அந்நிய டி.என்.ஏ.வைக் கண்டால் துண்டு துண்டாக்கிவிடும். தன் சொந்த டி.என்.ஏ.வை வெட்டாமல் இருக்க, வெட்டக்கூடிய இடங்களிலெல்லாம் பாக்டீரியா முன்கூட்டியே ஒரு சின்ன அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளும்.

"அட, இக்காமா!" என்றார் ஷாஜகான் தொடையைத் தட்டி. சவுதியில் வேலை செய்கிறவன் எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டிய குடியிருப்பு அட்டை அது. "அட்டை இருந்தா போன்னு விடுவான், இல்லாதவனைப் புடிச்சு வண்டியில ஏத்துவான். நீ தேடறது பாக்டீரியா ஊரு போலீஸை!"

"கிட்டத்தட்ட அதான்த்தா. ஆனா என் போலீஸ் எந்த எழுத்தப் பாத்து வெட்டுதுன்னுதான் எனக்குத் தெரியணும்."

"எனக்குத் தெரிஞ்ச போலீஸு செருப்பப் பாத்துப் புடிப்பான். பிஞ்ச செருப்புன்னா இக்காமா இருக்காதுன்னு கணக்கு." எனக்கு ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. நானும் சிரித்தேன்.

ஜபருல்லா பாயின் வயல் ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரம். அவரும் பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, இப்போது நாற்று வளர்த்து விற்கிறவர். போன வருஷ நாற்றங்கால் எது என்று கேட்டபோது, "நான் எடத்த மாத்தறதில்லீங்க. மோட்டார் பக்கத்துல, கண்ணு முன்னாடியே இருக்கணும்" என்றார். இந்த வருஷ நாற்றைப் பறித்த பிறகு அந்த இடத்திலும் நட்டுவிட்டார். நட்டு நாலு நாள் ஆகியிருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும், பயிர் விட்டுப்போன இடங்களில் பிறகு நடுவதற்காகக் கொஞ்சம் நாற்றைப் பறிக்காமல் விட்டிருந்தார்.

நான் வரப்பில் நின்றேன். "பாய், அந்த மூலையில எறங்கலாங்களா? எங்க கால வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் முன்னால் இறங்கினார். அவர் கால் பதிந்த குழியிலேயே என் காலை வைத்துப் போனேன். பன்னிரண்டு குழாய். ஒவ்வொன்றுக்கும் மூலைக்கல்லிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், நாற்று வேரா வெறும் சேறா என்று எழுதினேன். எழுதி முடிக்கச் சீட்டு போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த வடநாட்டு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "சேற்றைக்கூட டப்பாவில் அடைத்து விற்கிறார்கள் பார்" என்று ஒருவன் இந்தியில் சொன்னான். "வாங்குகிறவன் யார் என்று கேள், நம் ஊரிலும் நிறைய இருக்கிறது" என்றான் இன்னொருவன். நான் இந்தியிலேயே, "வாங்குவது இந்தப் பெண்தான், ஆனால் எல்லாச் சேற்றையும் வாங்கமாட்டாள்" என்றேன். அதற்கப்புறம் அவர்கள் எங்களைக் கவனமாகப் பார்த்தார்கள்.

தஞ்சாவூருக்குத் திரும்பும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். சரக்கு ரயில் ஒன்று முன்னால் போய், யோசித்து, பின்னால் வந்தது. பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. நன்னாரி சர்பத் விற்கிறவரிடம் ஐஸ் கேட்டேன். "சர்பத் வேணாமா, வெறும் ஐஸா?" என்று அவர் சந்தேகமாகப் பார்த்ததால் இரண்டு சர்பத்தும் குடித்தோம்.

அடுத்த பத்து நாள் தஞ்சாவூரில். கல்லூரி சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் காவலாளியின் அறையில் எனக்கு ஒரு பாய். பகலில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினேன். பரோட்டாக் கடைத் தட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். அங்கே பளபளத்தால் போதும். இங்கே பளபளத்த பிறகு ஆவியில் வேக வைக்க வேண்டும்.

நஸ்ரின் சேற்றைத் தண்ணீரில் பல தடவை கரைத்து, நீர்த்துப் போகச் செய்து, தட்டுகளில் தடவினாள். ஒன்றிரண்டு நாளில் தட்டு முழுக்கப் புள்ளிகள். வெள்ளை, மஞ்சள், மோர் சிந்திய மாதிரி பரந்தவை. ஓரம் சுருங்கிய பழுப்பு மஞ்சள் புள்ளிதான் நாற்பத்தொன்றின் சாடை. அந்தச் சாடையில் இருபத்துநாலைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் தனியாக வளர்த்து, காதைப் பிளக்கும் ஒரு கருவியால் உடைத்து, அந்தச் சாற்றை வைரஸ் டி.என்.ஏ.வோடு கலந்து, உடம்புச் சூட்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தாள். பிறகு அதை ஒரு ஜெல்லிப் பலகையில் ஓட்ட வேண்டும்.

"இந்த ஜெல்லி எதுல செஞ்சது தெரியுமாண்ணே? நோன்புக்கு எங்க வீட்ல செய்வாங்களே கடல்பாசி, அந்த வகைதான். சர்க்கரை மட்டும் கெடையாது."

மின்சாரம் விட்டால் டி.என்.ஏ. ஜெல்லிக்குள் நகரும். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். வெட்டாமல் இருந்தால் மேலே ஒரே பட்டை. கண்டபடி குதறியிருந்தால் சாம்பாரைத் துடைத்த துணி மாதிரி ஒரு தீற்றல். ஒழுங்காக வெட்டியிருந்தால் ஏணிப்படி மாதிரி தனித்தனிப் பட்டைகள். ஊதா விளக்குப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.

முதல் பன்னிரண்டில் ஏழு தீற்றல், ஐந்து ஒற்றைப் பட்டை. நஸ்ரின் அன்று மதியம் சாப்பிடவில்லை. நான் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை மீதிப் பன்னிரண்டையும் ஓட்டினாள். இருட்டறைக்குள் விளக்கைப் போட்டதும் என்னையும் கூப்பிட்டாள். ஆறாவது வரிசையில் ஏணிப்படி. பக்கத்தில் அந்த மங்கல் போட்டோவைப் பிடித்தாள். படிக்குப் படி அதே இடம்.

"அண்ணே..." என்றாள். கண்ணாடிக் கவசத்தைத் தூக்கிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு போனை எடுத்து, "அத்தா, போலீஸு கெடச்சிட்டாரு" என்றாள். அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள் இருந்தது. பத்தாம் நாள் அவளுடைய பேராசிரியர், ஏற்கெனவே தெரிந்த சில வெட்டு நொதிகளை வரவழைத்து, அதே ஜெல்லியில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டச் சொன்னார். ஓட்டினாள். அவற்றில் ஒன்று எங்கள் ஏணிப்படியோடு அச்சு அசலாக ஒத்துப்போனது.

"அப்படின்னா?" என்றேன்.

"வேற பாக்டீரியா, அதே கத்தரி. நமக்கு முன்னாடியே யாரோ எங்கயோ கண்டுபுடிச்சிட்டாங்க."

"அப்ப எல்லாம் வீணா?"

"வீணில்லண்ணே. என் அத்தியாயம் நிக்கும், பட்டமும் வந்துரும். இதுல பெரும்பாலும் இப்படித்தான் முடியும், தெரிஞ்சதுதான். ஆனா..." என்று நிறுத்தி, விளக்குப் பெட்டியை அணைத்தாள். "ஒரு நாள் புதுசா இருந்துச்சு, இல்ல?"

இருந்தது. இத்தனை வருஷம் அலைந்ததில் ஒரு முழு நாள் அப்படி இருந்ததாக எனக்கும் வேறு நினைவில்லை. இப்போது ஓசூரில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதுகூட, அந்த ஒன்பதாம் நாளின் ஆரஞ்சுப் பட்டைகள் கண்ணுக்குள் வந்து போகின்றன.

அந்தப் பத்தாம் நாள் மாலை பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் போன வருஷத்து மண் பதிவேடு. நாற்பத்தொன்றுக்கு நேரே என் கையெழுத்தில் 'கலியபெருமாள் வயல், நடு'.

"அடிச்சுட்டு, நடந்தத நீங்களே எழுதுங்க. அடிச்சது தெரியணும், கிறுக்கிடாதீங்க."

பள்ளிக்கூடத்தில் அடித்தல் திருத்தலுக்கு அடி வாங்கியவன் நான். கோட்டை நேராகப் போட்டேன். கீழே எழுதினேன்: 'வரப்பில் கிடந்த நாற்று முடியின் வேர்ச் சேறு. நாற்று கூத்தாநல்லூரிலிருந்து வந்தது. எடுத்தவர் வயலில் இறங்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை.' தேதியும் பெயரும் போட்டேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

நஸ்ரின் அந்தப் பாக்டீரியாவை மூன்று குழாய்களில் பிரித்து உறைய வைத்திருந்தாள். இனி ஒரே இடத்தில் வைப்பதில்லை என்று முடிவு. ஒன்று இங்கே, ஒன்று திருச்சியில் தெரிந்தவர்களிடம், ஒன்று சென்னையில். "சென்னைக்குக் கூரியர்ல போட்டுடலாமே" என்றார் பேராசிரியர்.

"வேணாம் சார்" என்றாள் நஸ்ரின். "அண்ணன் கொண்டு போவாங்க."

பழைய பக்கம் இன்னும் மேசைமேல் விரிந்தே கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் காலை தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினேன். ஐஸ் புதிதாக நிரப்பிய பெட்டி, வழியில் மாற்ற இன்னொரு பை ஐஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் செய்ய வேண்டும் என்ற உத்தரவு. நடத்துனர் வந்தார்.

"பெட்டிய மேல போடுங்க."

"மடியிலயே இருக்கட்டுங்க."

"என்ன உள்ள? மருந்தா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"பாக்டீரியாங்க. கூத்தாநல்லூர், ஜபருல்லா பாய் வயல், வடகிழக்கு மூலை, கல்லுலேர்ந்து ஏழு அடி, நாத்து வேரு."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார வந்த ஆளை வேறு இருக்கைக்கு அனுப்பினார். வண்டி கிளம்பியது. ஐஸின் குளிர் வேட்டி வழியாக இரண்டு தொடையிலும் ஏறியது. சென்னை வரை அதைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அன்று காலை நான் சேர்ந்த வேலை.